குறைந்த செலவில் ஃபோர்ஜ்டு அயர்ன்: எஃகு, வடிவம், விலை

கோல்ஃப் ஆடுபவர் தம் பையில் 14 மட்டைகளுக்கு மேல் வைத்துக்கொள்ள விதி இடம் தருவதில்லை. அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1938இலும், ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் இயங்கும் ஆர் அண்ட் ஏ அமைப்பு 1939இலும் இந்த வரம்பைக் கொண்டுவந்தன. அந்தப் பதினான்கில் பாதியளவு அயர்ன் எனப்படும் எஃகுத் தலை மட்டைகள்தான். ஒவ்வொரு அயர்னுக்கும் ஓர் எண் உண்டு. எண் ஏற ஏற முகத்தின் சாய்வு கூடும், தண்டின் நீளம் குறையும். பந்து உயரமாக எழும்பிக் குறைந்த தூரத்தில் விழும். புல்வெளியில் கிடக்கும் பந்தைக் குறிப்பிட்ட தூரத்தில் கொண்டுபோய் இறக்குவதே இவற்றின் வேலை.

அயர்ன்களில் ஃபோர்ஜ்டு வகைக்குத் தனி மதிப்பு உண்டு, தனி விலையும் உண்டு. அண்மை ஆண்டுகளில் பெரிய நிறுவனங்களின் புதிய ஃபோர்ஜ்டு அயர்ன் அமெரிக்கச் சந்தையில் ஒன்றுக்கு 180 முதல் 200 டாலர் வரை விற்கிறது. ஏழு மட்டை கொண்ட தொகுதிக்கு 1,200 டாலருக்கு மேல் ஆகிவிடும். ஜப்பானின் சிறு பட்டறைகளிலிருந்து வருபவை இதைவிடவும் விலை கூடியவை. இந்த விலைக்குள் நான்கு பொருள்கள் சேர்ந்து கிடக்கின்றன: செய்முறை, எஃகின் வகை, தலையின் வடிவம், நிறுவனத்தின் பெயர். நான்கும் ஒன்றேபோல் பேசப்படுவதால்தான் வாங்குபவர் தேவையற்றதற்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறார். குறைந்த செலவில் நல்ல தொகுதி வாங்க நினைப்பவர் முதலில் இவற்றைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஃபோர்ஜிங் என்பது உலோகத்தை உருக்காமல், சூடேற்றி அடித்து உருவாக்கும் முறை. குறைந்த கார்பன் கொண்ட எஃகு உருளைத் துண்டு ஒன்றை 1,100 முதல் 1,200 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்சுகிறார்கள். செம்மஞ்சளாக ஒளிரும் அந்தத் துண்டை நீட்டி வளைத்து, இரண்டு பாதிகளாக உள்ள எஃகு அச்சின் நடுவே வைத்து, கனத்த அழுத்து எந்திரத்தால் பல முறை அடிக்கிறார்கள். அச்சின் ஓரத்தில் பிதுங்கும் உபரி உலோகத்தை வெட்டிவிட்டு மறுபடியும் சூடேற்றி, இன்னும் நுணுக்கமான அச்சில் அடிக்கிறார்கள். பிறகு முகத்தைக் கடைந்து வரிப்பள்ளங்களை வெட்டுவது, தேய்த்து எடையைச் சரிசெய்வது, மெருகேற்றுவது, நிக்கல் குரோமிய முலாம் பூசுவது என்று வேலை நீள்கிறது. மனிதக் கை அதிகம் படும் வேலை இது. விலையில் ஒரு பங்கு அந்தக் கைகளுக்கான கூலி.

எஃகின் வகையை எண்களால் குறிப்பது வழக்கம். அமெரிக்க முறையில் 1020, 1025 என்றும் ஜப்பானிய முறையில் எஸ்20சி, எஸ்25சி என்றும் எழுதப்படுபவை ஏறக்குறைய ஒன்றேதான்: கார்பன் 0.20 அல்லது 0.25 விழுக்காடு உள்ள மென்மையான எஃகு. இவ்விரண்டுக்கும் இடையே ஆட்டத்தில் உணரத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை. விளம்பரத்தில் எஸ்20சி என்று பெரிதாகப் போட்டிருப்பதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

வார்ப்பு முறை இதற்கு மாறானது. மட்டைத் தலையின் வடிவத்தில் மெழுகு உரு செய்து, அதன்மேல் பீங்கான் குழம்பை அடுக்கடுக்காகப் பூசிக் காயவைத்து, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உருகிய எஃகை ஊற்றுகிறார்கள். சுவாமிமலையில் ஸ்தபதிகள் ஐம்பொன் சிலை வார்ப்பதும் இதே மெழுகு வார்ப்பு நெறியில்தான். அங்கே மண், இங்கே பீங்கான். கோல்ஃப் தலைகளுக்கு 17-4, 431 என்ற இரு துருவேறா எஃகு வகைகள் பெரிதும் பயன்படுகின்றன. முதலாவதில் 17 விழுக்காடு குரோமியமும் 4 விழுக்காடு நிக்கலும் உண்டு, மிகக் கடினமானது. 431 அதைவிடச் சற்று மென்மையானது.

பல ஆண்டுகள் அயர்ன் என்றாலே ஃபோர்ஜிங்தான். ஸ்காட்லாந்துக் கொல்லர்கள் ஒவ்வொரு தலையையும் உலைக்களத்தில் காய்ச்சிக் கையால் அடித்தார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸின் டாம் ஸ்டூவர்ட் தம் தலைகளில் பொறித்த புகைக்குழாய் முத்திரை இன்றும் பழம்பொருள் சேகரிப்பவர்கள் தேடும் அடையாளம். பிறகு அச்சும் எந்திரமும் வந்தன; முறை மாறவில்லை. அதை மாற்றியவர் கார்ஸ்டன் சோல்ஹைம். நார்வேயில் 1911இல் பிறந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த இவர் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பொறியாளர். 1959இல், பந்தைக் குழிக்குள் உருட்டப் பயன்படும் புட்டர் மட்டையில் தொடங்கிய பொழுதுபோக்கு வளர்ந்து, 1967இல் வேலையை விட்டுவிட்டு பிங் நிறுவனத்தை முழுநேரமாக நடத்தும் அளவுக்குப் போனது. தலையின் நடுவிலிருந்து உலோகத்தை எடுத்து ஓரங்களில் சேர்த்தால், நடுவில் படாத அடியும் அதிகம் பிசகாது என்பது அவர் கண்ட வழி. குழிவும் விளிம்பும் கொண்ட அந்த வடிவத்தை வார்ப்பில் செய்வது எளிது. 1982இல் வந்த பிங் ஐ-2 அயர்ன் அந்தச் சிந்தனையின் உச்சம். கோல்ஃப் வரலாற்றில் மிக அதிகமாக விற்ற அயர்ன்களில் அது ஒன்று.

அதன் பிறகுதான் ஃபோர்ஜ்டு என்றால் தேர்ந்தவருக்கு, வார்ப்பு என்றால் கற்றுக்கொள்பவருக்கு என்ற பிரிவினை ஆட்டக்காரர்கள் மனத்தில் ஊன்றியது. அது உண்மையில் வடிவத்தைப் பற்றிய பிரிவினை. செய்முறைக்கு அதில் பங்கு குறைவு. பப்பா வாட்சன் 2012, 2014 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றபோது அவர் பையில் இருந்தவை பிங்கின் வார்ப்பு அயர்ன்கள். தொழில்முறை ஆட்டக்காரர்கள் பரவலாகப் பயன்படுத்தும் டைட்லிஸ்ட் வோக்கி வெட்ஜ் (சாய்வு மிகுந்த, குறுந்தூர) மட்டைகளும் 8620 என்ற கார்பன் எஃகில் வார்க்கப்படுபவைதான். உலகின் மிகக் கடினமான ஆடுகளங்களில் வார்ப்புத் தலைகள் வெல்கின்றன என்றால், செய்முறையை மட்டும் வைத்து மட்டையின் தரத்தைச் சொல்லிவிட முடியாது.

ஃபோர்ஜ்டு அயர்னுக்கு ஆதரவாக அதிகம் சொல்லப்படும் காரணம் ‘ஃபீல்’. பந்தில் படும்போது கைக்கு வெண்ணெய்போல் மென்மையாக இருக்கிறது என்பார்கள். அந்த இன்பத்தை உணர்ந்தவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அது எஃகின் மென்மையிலிருந்து வருகிறதா என்று பார்த்தால் இயற்பியல் வேறு விடை தருகிறது.

மட்டையும் பந்தும் ஒன்றையொன்று தொட்டிருக்கும் நேரம் ஏறக்குறைய அரை மில்லி வினாடி. அந்த நேரத்தில் நசுங்குவது பந்து, எஃகு அல்ல. மென்மையான கார்பன் எஃகும் கடினமான துருவேறா எஃகும் வேறுபடுவது நிரந்தரப் பள்ளம் விழ எவ்வளவு விசை தேவை என்பதில்தான். பள்ளம் விழாத வரைக்கும் ஓர் உலோகம் எவ்வளவு வளைந்து மீள்கிறது என்பதை யங் குணகம் சொல்லும். இரண்டு எஃகுக்கும் அது ஏறக்குறைய 200 கிகாபாஸ்கல். அடர்த்தியிலும் ஓரிரு விழுக்காடுதான் வேறுபாடு. அதாவது ஒரே வடிவம், ஒரே எடை கொண்ட இரண்டு தலைகளை இரு முறைகளிலும் செய்தால், பந்தைப் பொறுத்தவரை அவை ஏறத்தாழ ஒரே பொருள்.

கையின் உணர்வும் பந்தின் பயணத்தை மாற்றுவதில்லை. தொடு உணர்வு கையிலிருந்து மூளைக்குப் போய்ச்சேர நூறில் ஓரிரு பங்கு வினாடி ஆகிறது. ஏழாம் எண் அயர்னிலிருந்து வினாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் புறப்பட்ட பந்து அதற்குள் ஒரு மீட்டர் அளவுக்குப் பறந்திருக்கும். ஆட்டக்காரர் உணர்வது முடிந்துபோன மோதலின் அதிர்வு. அந்த உணர்வில் காதுக்குப் பெரும் பங்கு உண்டு. இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வு, மோதலின் ஓசைக்கும் ஆட்டக்காரர்கள் சொல்லும் ஃபீலுக்கும் நெருங்கிய தொடர்பு இருப்பதைக் காட்டியது. ஓசையைத் தீர்மானிப்பது தலையின் தடிமனும் வடிவமும். பந்து படும் இடத்துக்குப் பின்னால் தடித்த உலோகம் இருந்தால் தாழ்ந்த, குறுகிய ஒலி எழும். மெல்லிய முகம் கணீரென்று ஒலிக்கும். ஃபோர்ஜ்டு அயர்ன்கள் வழக்கமாகத் தடித்த முகமும் திண்மையான முதுகும் கொண்டவை. மென்மை என்று கை சொல்வதில் பெரும்பகுதி அங்கிருந்து வருகிறது.

உலோக மணிகளின் ஒழுங்கைப் பற்றியும் நிறையப் பேசுவார்கள். அடித்து உருவாக்கும்போது எஃகின் நுண்மணிகள் தலையின் வடிவத்தை ஒட்டி நீண்டு ஓடும். உள்ளே காற்றுக் குமிழ்கள் இருந்தால் நசுங்கி மூடிக்கொள்ளும். ஜப்பானின் மிசுனோ இதை ‘கிரெயின் ஃபுளோ ஃபோர்ஜிங்’ என்ற பெயரில் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. முகத்திலிருந்து கழுத்து வரை ஒரே துண்டில் அடிப்பது அதன் சிறப்பு. விமான எந்திரத்தின் சுழல்தண்டுக்கு இந்த ஒழுங்கு உயிர்நாடி. ஏழாம் எண் அயர்னின் 270 கிராம் தலைக்கு அந்த அளவு வலிமை எப்போதும் தேவைப்படுவதில்லை. நேர்த்தியான வேலை என்பதற்கு அது சான்று, அவ்வளவே.

ஆக, ஃபோர்ஜ்டு அயர்னில் பணம் கொடுக்கத்தக்க உண்மையான பயன் வேறு இடத்தில் இருக்கிறது. அதை வளைக்க முடியும். கடையின் விளக்கொளியில் கண்ணில் படாத இந்தக் குணம்தான், குறைந்த செலவில் வாங்குபவருக்கு மற்ற எல்லாவற்றையும்விட மேலான கொடை.

மட்டையை ஆடும் நிலையில் தரையில் வைத்தால் தண்டு தரையோடு ஒரு கோணம் செய்யும். அது லை கோணம். ஏழாம் எண் அயர்னில் சுமார் 62 பாகை. ஆட்டக்காரரின் உயரம், கையின் நீளம், வீசும் விதம் ஆகியவற்றைப் பொறுத்து இது மாற வேண்டும். மாறாவிட்டால் அடிக்கும் கணத்தில் தலையின் முன்முனையோ குதிகாலோ தூக்கி நிற்கும். முகம் சாய்ந்திருப்பதால் அந்தத் தூக்கல் பந்தைப் பக்கவாட்டில் திருப்பும். திருப்பும் அளவைக் கணக்கிட எளிய வழி உண்டு: லை பிழையை முகச் சாய்வின் டேன்ஜென்ட் மதிப்பால் பெருக்கினால் போதும். 34 பாகைச் சாய்வுள்ள ஏழாம் எண் அயர்னில் ஒரு பாகைப் பிழை முகத்தை 0.67 பாகை திருப்புகிறது. 140 மீட்டர் தூரத்தில் அது ஒன்றரை மீட்டருக்குச் சற்று அதிகம். மூன்று பாகைப் பிழையென்றால் ஐந்து மீட்டர். சாய்வு மிகுந்த குட்டை அயர்ன்களில் நிலைமை இன்னும் மோசம்: 46 பாகைப் பிட்சிங் வெட்ஜில் ஒரு பாகைப் பிழை ஒரு பாகைக்கும் சற்றுக் கூடுதலாகவே திருப்பிவிடும். துல்லியம் அதிகம் வேண்டிய மட்டைகளில்தான் பிழையும் அதிகம். ஆட்டக்காரர் தம் கையைக் குறைசொல்லிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் பயிற்சி செய்வார். குற்றம் மட்டையின் கழுத்தில் இருக்கும்.

மென்மையான கார்பன் எஃகுத் தலையை இடுக்கியில் பிடித்து நெம்புகோலால் கழுத்தை இரண்டு பாகை வரை எந்தப் பக்கமும் பாதுகாப்பாக வளைக்கலாம். தேர்ந்த கைகள் சில தலைகளில் அதற்கு மேலும் போகும். 17-4 எஃகில் அதே வேலை சிரமம். வளைத்தது ஓரளவு பழைய நிலைக்குத் திரும்பும், சில நேரம் கழுத்து உடைந்தும் போகும். 431 நடுத்தரம். அமெரிக்கக் கடைகளில் இந்தத் திருத்தத்துக்கு மட்டை ஒன்றுக்குச் சில டாலர்களே ஆகும். வேறொருவருக்காகச் செய்த பழைய தொகுதியை வாங்கி, வாங்கியவரின் உடலுக்குப் பொருத்திக்கொள்ள இதனால் வழி பிறக்கிறது. வளையும் குணம் எஃகிலிருந்து வருவது என்பதையும் மறக்கக் கூடாது. 8620 எஃகில் வார்த்த வெட்ஜும் நன்றாக வளையும். ஆனால் பழைய அயர்ன் தொகுதிகளில் மென்மையான எஃகு கிடைப்பது பெரும்பாலும் ஃபோர்ஜ்டு வகையில்தான்.

லை கோணம் பொருந்துகிறதா என்று அறிய எந்திரம் தேவையில்லை. பந்தின் பின்புறத்தில் அழியும் மையால் செங்குத்தாக ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு மட்டையை நோக்கி இருக்கும்படி வைத்து அடித்தால், கோடு முகத்தில் பதியும். வரிப்பள்ளங்களுக்குச் செங்குத்தாகப் பதிந்தால் கோணம் சரி; சாய்ந்து பதிந்தால் திருத்த வேண்டும். ஐந்தாறு அடிகளைச் சேர்த்துப் பார்த்து முடிவுக்கு வருவது நல்லது.

‘ஃபோர்ஜ்டு’ என்ற சொல்லைத் தலையில் பொறிக்க, எவ்வளவு பகுதி அடித்துச் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்று கோல்ஃப் விதிகள் எதுவும் சொல்வதில்லை. ஒரே துண்டில் அடித்த தலையிலும் அது இருக்கும். முகத்தட்டை மட்டும் அடித்து, உடலை வார்த்து ஒட்டிய தலையிலும் இருக்கும். 2014ஆம் ஆண்டு மாதிரியான கேலவே அபெக்ஸ் 1025 எஃகு உடலில் வேறொரு கடின எஃகு முகத்தைப் பொருத்தியது. 2017இல் வந்த டெய்லர்மேட் பி790 உள்ளீடற்ற அயர்ன். ஃபோர்ஜ்டு உடலுக்கும் மெல்லிய முகத்துக்கும் நடுவே நுரைப்பொருள் நிரப்பியது. இவை திறமையான மட்டைகள். மெல்லிய முகம் உள்வாங்கி மீள்வதால் பந்து வேகமாகப் புறப்படும். ஆனால் விலை கூடியவை, அடிக்கடி புது வடிவம் வரும் வகை, பழையதாகும்போது பற்றவைத்த இடத்தையும் உள்ளே நிரப்பியதையும் சோதித்துப் பார்க்க முடியாதவை. பணம் குறைவாக உள்ளவருக்கு ஒரே துண்டு எஃகுத் தலையே நம்பகமானது. அதில் ஒட்டியது ஒன்றுமில்லை, அதனால் பிரிவதற்கும் ஒன்றுமில்லை. இருபது ஆண்டுக்கு முன் செய்த ஒரே துண்டுத் தலைக்கும் சென்ற ஆண்டு செய்ததற்கும் ஆட்டத்தில் பெரிய இடைவெளி கிடையாது. பழையதாவதால் தரம் குறையாமல் விலை மட்டும் குறையும் பொருள்கள் கோல்ஃபில் மிகச் சில. இது அவற்றில் ஒன்று.

அடுத்தது வடிவம். முதுகு குழியாமல் தட்டையாக இருப்பது பிளேடு. முதுகு குழிந்து ஓரம் தடித்தது கேவிட்டி பேக். அடி நடுவில் படாமல் ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் பட்டால் தலை திருகும். திருகலில் ஆற்றல் வீணாகிப் பந்தின் வேகமும் திசையும் கெடும். திருகலை எதிர்ப்பது தலையின் நிலைமத் திருப்புத்திறன். எடை மையத்திலிருந்து விலகி ஓரங்களில் இருந்தால் அது கூடும். டைகர் உட்ஸ் 1997இல் மாஸ்டர்ஸ் வென்றது மிசுனோவின் ஃபோர்ஜ்டு பிளேடு வகை அயர்ன்களால். அதை நினைத்துப் பிளேடு வாங்குபவர்கள் இன்றும் உண்டு. வாரத்தில் ஒரு நாள் ஆடுபவருக்கு அது தவறான தேர்வு. அவருக்கு வேண்டியது ஃபோர்ஜ்டு கேவிட்டி பேக்.

எந்த வடிவம் பொருந்தும் என்பதை ஆட்டக்காரரின் இப்போதைய மட்டையே காட்டிவிடும். முகத்தில் காலுக்குப் பூசும் பவுடரைத் தெளித்தோ, ஒட்டுத்தாள் பதித்தோ இருபது பந்துகள் அடித்தால் தடங்கள் விழும். அவை ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குள் அடங்கினால் எந்த வடிவமும் சரி. முகமெங்கும் சிதறினால் அகன்ற அடிப்பாகமும் ஆழ்ந்த குழிவும் கொண்டதே வேண்டும். அந்த நிலையில் வார்ப்பு அயர்னே மலிவாகவும் உதவியாகவும் இருக்கும், ஃபோர்ஜ்டு தேடி அலைய வேண்டியதில்லை.

மட்டையில் பொறித்த எண்ணை நம்பித் தூரத்தை ஒப்பிடுவது இன்னொரு பொறி. பழைய ஃபோர்ஜ்டு தொகுதிகளில் ஏழாம் எண் அயர்னின் முகச் சாய்வு 34, 35 பாகை. பிட்சிங் வெட்ஜ் 47, 48. இன்றைய தூரம் காட்டும் வகைகளில் ஏழாம் எண் 30 பாகைக்கும் கீழே இறங்கிவிட்டது. வெட்ஜ் 43இல் நிற்கிறது. புதிய ஏழாம் எண் பழைய ஆறாம் எண்ணை, சில வேளை ஐந்தாம் எண்ணையே ஒத்தது. கடையில் இரண்டையும் அடித்துப் பார்ப்பவர் புதியது பத்து, பதினைந்து மீட்டர் அதிகம் போவதைக் கண்டு மயங்குகிறார். எண்ணை மறந்து சாய்வை ஒப்பிட்டால் மயக்கம் தீரும். பழைய சாய்வுகளில் ஒரு சிக்கனமும் ஒளிந்திருக்கிறது: பிட்சிங் வெட்ஜ் 48 பாகையில் இருந்தால் அடுத்து 52 அல்லது 54 பாகை வெட்ஜ் ஒன்றே போதும். 43இல் இருந்தால் இடைவெளியை நிரப்ப இன்னொரு மட்டை வாங்க வேண்டும்.

இனி சந்தை. பெரிய நிறுவனங்கள் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை புதிய அயர்ன்களை இறக்குவதால் முந்தையவற்றின் விலை சரியும். மிசுனோவின் எம்பி-52, எம்பி-54, எம்பி-64, ஜேபிஎக்ஸ் 919 டூர், ஸ்ரிக்ஸனின் இசட் 745, இசட் 785, பிரிட்ஜ்ஸ்டோனின் ஜே40, வில்சனின் எஃப்ஜி டூர் போன்ற ஃபோர்ஜ்டு கேவிட்டி பேக் தொகுதிகள் பழைய மட்டைச் சந்தையில் புதியதன் விலையில் சிறு பகுதிக்கே கிடைக்கின்றன. நைக்கி நிறுவனம் 2016இல் மட்டை செய்வதையே நிறுத்தியது. அதன் விஆர் புரோ, வேப்பர் புரோ போன்ற ஃபோர்ஜ்டு அயர்ன்களுக்குக் கேட்பார் குறைந்து விலை இறங்கியது, எஃகு அப்படியே இருக்கிறது. பெயரை மட்டும் பார்த்து விலை பேசும் சந்தையில், பெயர் மங்கிய நல்ல எஃகைத் தேடுவது கெட்டிக்காரத்தனம்.

ஜப்பானின் நிகாதா மாநிலத்தில் சுபாமே என்ற உலோகத் தொழில் நகரம் உண்டு. அங்குள்ள எண்டோ நிறுவனம் பல பெரிய நிறுவனங்களுக்காக ஃபோர்ஜ்டு தலைகளை அடித்துத் தந்திருக்கிறது. தாய்லாந்திலும் அதற்கு ஆலை உண்டு. மிசுனோவுக்கு அடித்துத் தருவது ஹிரோஷிமாவின் சுவோ கோக்யோ. வெவ்வேறு பெயரில் வெவ்வேறு விலையில் விற்கும் தலைகள் சில நேரம் ஒரே ஆலையில் பிறந்தவை. கடைக்காரர், விளம்பர ஆட்டக்காரர் ஆகியோரின் செலவைத் தவிர்த்து நேரடியாக விற்கும் சிறு நிறுவனங்களும் வந்துவிட்டன. பின்லாந்தின் டகோமோ, அமெரிக்காவின் சப் 70 ஆகியவை அத்தகையவை. புதியதே வேண்டும் என்பவருக்கு இது நல்ல வழி. ஆனால் அவற்றை மறுபடி விற்கும்போது பெரிய பெயருக்குக் கிடைக்கும் விலை கிடைக்காது.

பழைய தொகுதியைக் கையில் எடுத்தால் முதலில் பார்க்க வேண்டியது முகத்தின் நடு. மென்மையான எஃகு விரைவில் தேயும். எட்டாம், ஒன்பதாம் எண் அயர்ன்களிலும் வெட்ஜிலும் முகத்தின் நடுவே முலாம் போய்ப் பழுப்பாகத் தெரிகிறதா, வரிப்பள்ளத்தின் விளிம்பை நகத்தால் தடவினால் தட்டுப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். தட்டுப்படாவிட்டால் பந்து போதிய சுழற்சி பெறாது. அந்தத் தொகுதி எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். தலைகள் பைக்குள் ஒன்றோடொன்று மோதியதால் ஓரங்களில் விழுந்த சிறு பள்ளங்கள் கண்ணுக்கு உறுத்தும், ஆட்டத்தைக் கெடுக்காது. அவை விலையைக் குறைக்க விற்பவரிடம் சொல்லத்தக்க காரணம். முலாம் கொப்பளித்து அடியில் துரு ஏறியிருந்தால் அது வேறு. துரு பரவிக்கொண்டே போகும்.

வளையும் எஃகுக்கு ஒரு விலையும் உண்டு. தரைவிரிப்பின்மேல் ஆயிரக்கணக்கில் அடித்த மட்டைகளில் சாய்வு தானாகவே ஒரு பாகை, இரண்டு பாகை நகர்ந்திருக்கும். ஆறாம் எண்ணும் ஏழாம் எண்ணும் ஒரே தூரம் போவதாக ஒருவர் குறைப்பட்டால் காரணம் பெரும்பாலும் இதுதான். வாங்கியவுடன் எல்லா மட்டைகளின் சாய்வையும் லை கோணத்தையும் அளந்து திருத்திக்கொள்ளும் செலவை விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். சாய்வை ஒரு பாகை குறைத்தால் அடிப்பாகம் தரையில் வழுக்கும் கோணமும் ஒரு பாகை குறைந்து, தலை மண்ணில் குத்தத் தொடங்கும். அதனால் சாய்வைத் திருத்தும்போது ஓரிரு பாகையோடு நிறுத்துவதே நல்லது.

போலிகளும் சந்தையில் உண்டு. காந்தம் வைத்துப் பார்த்தால் ஃபோர்ஜ்டா வார்ப்பா என்று தெரியும் என்று பலர் நம்புகிறார்கள், அது தவறு. கார்பன் எஃகைப் போலவே 17-4, 431 இரண்டும் காந்தத்தில் ஒட்டும். காந்தம் காட்டிக்கொடுப்பது துத்தநாகக் கலவையில் செய்த மட்டமான போலியை மட்டும். அதைவிட நல்ல சோதனை தராசு. ஒரு தொகுதியில் அடுத்தடுத்த எண்களின் தலை எடை ஏழு கிராம் அளவு ஏறும், தண்டு அரை அங்குலம் குறையும். தலையைக் கழற்றாமல் முழு மட்டைகளை நிறுத்தால்கூட எண் ஏற ஏற எடை சீராக ஏற வேண்டும். தாறுமாறாக ஏறி இறங்கினால் போலியாகவோ, பல தொகுதிகளிலிருந்து சேர்த்ததாகவோ இருக்கும்.

ஷாஃப்ட் எனப்படும் தண்டைப் பற்றி விற்பவர்கள் அதிகம் பேசுவதில்லை. வாங்குபவருக்கு அது தலைக்குச் சமமாக முக்கியம். பழைய ஃபோர்ஜ்டு தொகுதிகளில் பெரும்பாலும் ட்ரூ டெம்பர் டைனமிக் கோல்ட் எஸ்300 இருக்கும். எடை 130 கிராம் அளவு, விறைப்பானது, வேகமாக வீசும் இளைஞருக்கு ஏற்றது. நிதானமாக வீசும் நடுத்தர வயதினருக்கு நிப்பானின் என்எஸ் புரோ 950ஜிஎச் போன்ற நூறு கிராமுக்கும் குறைந்த எஃகுத் தண்டு கைக்கு இதமானது. நல்ல தலையைத் தவறான தண்டோடு மலிவாக வாங்கி, பின்னர் ஏழு தண்டுகளையும் மாற்றினால் மொத்தச் செலவு இரண்டு மடங்காகிவிடும். பொருத்தமான தண்டு உள்ள தொகுதிக்குச் சற்றுக் கூடுதல் விலை கொடுப்பதே லாபம். மாற்றியே ஆக வேண்டுமென்றால் கழுத்துத் துளை 0.355 அங்குலக் கூம்பு வகையா, 0.370 அங்குல நேர் வகையா என்று அறிந்துகொண்டு வாங்க வேண்டும். ஃபோர்ஜ்டு தலைகள் பெரும்பாலும் கூம்பு வகை. கிரிப்பு எனப்படும் கைப்பிடி உறைகளை மாற்றுவது சிறிய செலவு. பழைய தொகுதிக்கு அது எப்படியும் தேவைப்படும்.

மூன்றாம், நான்காம் எண் அயர்ன்கள் தொகுதியில் இல்லை என்பதற்காக நல்ல தொகுதியை விட்டுவிட வேண்டாம். அந்தத் தூரத்தை ஹைபிரிட் மட்டை எளிதாக எட்டும். ஐந்து முதல் பிட்சிங் வெட்ஜ் வரை ஆறு மட்டைகள் உள்ள தொகுதிகள் மலிவாகவும் கிடைக்கும்.

போட்டிகளில் ஆட நினைப்பவர் ஒரு விதியை அறிந்திருக்க வேண்டும். அயர்ன்களின் வரிப்பள்ள அளவையும், 25 பாகையும் அதற்கு மேலும் சாய்வுள்ள மட்டைகளில் பள்ள விளிம்பின் கூர்மையையும் 2010இல் விதி சுருக்கியது; உயர்நிலைப் போட்டிகளில் அந்த ஆண்டே நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் செய்த மட்டைகளுக்குச் சாதாரண ஆட்டக்காரர்களிடம் நீண்ட சலுகை தரப்பட்டது. ‘வி’ வடிவப் பள்ளம் கொண்ட பழைய ஃபோர்ஜ்டு அயர்ன்கள் பல புதிய வரம்புக்குள்ளேயே அடங்கும். அகன்ற ‘யூ’ வடிவப் பள்ளம் கொண்டவற்றை வாங்குமுன் அமெரிக்க கோல்ஃப் சங்கத்தின் பட்டியலில் அந்த மாதிரியைத் தேடிப் பார்ப்பது பாதுகாப்பு.

வாங்கிய பிறகு கார்பன் எஃகுக்குத் தேவை உலர்ந்த துணி. முலாம் உள்ளவரை துரு அண்டாது. முகத்தில் முலாம் தேய்ந்த இடமும் அடிப்பாகத்தின் கீறலும் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். மழையில் ஆடிவிட்டு ஈரப் பைக்குள் போட்டு மூடினால் ஓரிரு நாளில் செம்புள்ளிகள் தெரியும். ஆடியபின் துடைத்து, மெல்ல எண்ணெய் தடவிவைத்தால் போதும். அடிக்கடி ஆடுபவர் ஆண்டுக்கு ஒரு முறை சாய்வையும் லை கோணத்தையும் அளந்து பார்க்க வேண்டும். வெட்ஜின் பள்ளங்கள் முதலில் தேயும். அந்த ஒரு மட்டையை மட்டும் மாற்றிவிட்டு மற்றவற்றை இன்னும் பல ஆண்டுகள் ஆடலாம்.